வாசகர் கேள்வி – பதில்: விளையாட்டு விழாவுக்குச் சிறப்பு விருந்தினர்

பள்ளிகளில் ஆண்டு விளையாட்டு விழா நடக்கும் காலம் இது. விருந்தினரை அழைப்பது, வரவேற்பது, பரிசு வழங்க வைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு, உடற்கல்வி ஆசிரியர்களும் தலைமையாசிரியர் பணியில் நீண்ட அனுபவம் உள்ளவர்களும் சேர்ந்து எழுதிய பதில்கள் இங்கே.

கேள்வி: எங்களுடையது அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளி. மாணவர்கள் சுமார் 600 பேர். ஜனவரி கடைசியில் விளையாட்டு விழா வைத்திருக்கிறோம். சிறப்பு விருந்தினரை எப்போது, எப்படி அழைப்பது? போன வருடம் ஒரு வாரம் முன்னால் கேட்டோம். மூன்று பேர் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.
— தலைமையாசிரியை, தென்காசி மாவட்டம்

பதில்: ஆறு வாரம் முன்பே தொடங்கிவிடுங்கள். ஜனவரியில் பொங்கல் விடுமுறை, குடியரசு தினம் இரண்டும் வருகின்றன. பிப்ரவரியில் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு, மார்ச்சில் பொதுத்தேர்வு. எல்லாப் பள்ளிகளும் அந்த நடுவிலுள்ள இரண்டு மூன்று வாரத்தைத்தான் குறிவைக்கின்றன. ஊரில் அழைக்கத் தகுந்தவர்கள் பத்துப் பேர் இருந்தால், அந்தப் பத்துப் பேரையும் எல்லாரும் கேட்கிறார்கள்.

ஒரே தேதியோடு போகாதீர்கள். இரண்டு தேதிகளைக் கையில் வைத்துக்கொண்டு, "இந்த இரண்டில் எது உங்களுக்கு வசதி?" என்று கேளுங்கள். முதலில் தொலைபேசியில் பேசி நேரம் வாங்குங்கள். பிறகு தலைமையாசிரியரும் உடற்கல்வி ஆசிரியரும் நேரில் போய்க் கேளுங்கள். ஒரு பட்டாளமாகப் போக வேண்டியதில்லை. அவர் வாயால் சரி என்று சொன்ன மறுநாளே கடிதம் அவர் கைக்குப் போய்விட வேண்டும். வாய்வார்த்தையோடு விட்டால் நாள் குழப்பம் வரும், நேரக் குழப்பம் வரும்.

கடிதத்தில் புகழுரை இரண்டு வரி போதும், மீதி முழுக்கத் தகவலாக இருக்கட்டும். மாதிரிக்கு ஒன்று:

"மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம். எங்கள் பள்ளியின் ஆண்டு விளையாட்டு விழா ஜனவரி 30, வெள்ளிக்கிழமை, பள்ளி மைதானத்தில் நடைபெறுகிறது. தாங்கள் சிறப்பு விருந்தினராக வருகை தர இசைந்தமைக்கு நன்றி. தாங்கள் மாலை 3.20க்கு வந்து சேர்ந்தால், 3.30க்கு விழா தொடங்கும். தேசியக் கொடி ஏற்றுதல், அணிவகுப்பு மரியாதையை ஏற்றல், தீபம் ஏற்றுதல், 7 நிமிட உரை, நிறைவுப் பரிசுகளை வழங்குதல் ஆகியவற்றைத் தாங்கள் செய்துதர வேண்டுகிறோம். 5.30க்குத் தாங்கள் புறப்படலாம். விழாவுக்குப் பள்ளிச் செயலர் தலைமை தாங்குகிறார். தங்களை அழைத்துவர எங்கள் ஆசிரியர் ஒருவர் 2.45க்கு வருவார். அவரது எண் கீழே உள்ளது."

இதில் அவருக்குத் தேவையான எல்லாமே இருக்கிறது: எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை மணிக்குக் கிளம்பலாம், மேடையில் வேறு யார் யார், என்னென்ன செய்ய வேண்டும். கிளம்பும் நேரத்தைப் பல பள்ளிகள் எழுதுவதே இல்லை. அதனால்தான் விருந்தினர் பாதி நிகழ்ச்சியில் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்.

அரசுப் பள்ளியாக இருந்தால், வெளியாள் ஒருவரை மேடையேற்றுவதற்கு முன் முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகத்தில் எழுத்தில் தெரிவித்து அனுமதி பெற்றுவிடுங்கள். 2024இல் சென்னையில் அரசுப் பள்ளிகளில் வெளியாள் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவு எவ்வளவு பெரிய சர்ச்சையானது என்பது நினைவிருக்கும். உதவிபெறும் பள்ளிக்கும் ஒரு தகவல் கடிதம் கோப்பில் இருப்பது நல்லது.

கேள்வி: பெரிய விளையாட்டு வீரர் யாரையாவது அழைக்க வேண்டும் என்று மாணவர்களுக்கு ஆசை. எங்களைப் போன்ற சின்னப் பள்ளிக்கு வருவார்களா? எந்த வழியில் அணுகுவது?
— உடற்கல்வி ஆசிரியர், சேலம் மாவட்டம்

பதில்: அப்படிப்பட்ட வீரர் ஒருவரின் மாவட்டத்திலிருந்தே கேட்கிறீர்கள்! ரியோ பாராலிம்பிக்கில் 2016இல் உயரம் தாண்டுதலில் தங்கம், டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் 2024இல் வெண்கலம் வாங்கிய மாரியப்பன் தங்கவேலு சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டிக்காரர்தான். அந்த உயரத்தில் இருப்பவர்களுக்குப் பயிற்சி முகாமும் போட்டியும் ஆண்டு முழுவதும் இருக்கும். கேட்டுப் பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அவர் ஒருவரையே நம்பிக் காத்திருக்காதீர்கள்.

மாணவர்கள் மனத்தில் அதிகம் நிற்பவர் வேறொருவர். மாநில அளவில், தேசிய அளவில் ஓடிவிட்டு, இன்று ரயில்வேயிலோ காவல் துறையிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை பார்க்கும் உங்கள் பக்கத்து ஊர்க்காரர். 'இந்த அக்கா நம்ம ஊர் பஸ்ஸிலதான் பிராக்டிஸுக்குப் போனாங்க' என்று தெரிந்தால் பிள்ளைகள் கேட்கும் விதமே மாறும். மாவட்ட விளையாட்டு மற்றும் இளைஞர் நலன் அலுவலகம், மாவட்டத் தடகளச் சங்கம், பக்கத்திலுள்ள விளையாட்டு விடுதியின் பயிற்சியாளர் ஆகிய மூன்று இடத்தில் விசாரித்தால் ஐந்தாறு பெயர் கிடைக்கும். வேலையில் இருப்பவர் என்றால் அவருடைய அலுவலகத்துக்கும் ஒரு கடிதம் வேண்டியிருக்குமா என்று அவரிடமே கேளுங்கள். விடுப்பு எடுக்க உதவும்.

போக்குவரத்துச் செலவைப் பள்ளிதான் ஏற்க வேண்டும். இதை அவர் கேட்கும்வரை விடாதீர்கள். அழைக்கும்போதே, "வந்துபோகும் செலவு எங்களுடையது, கார் அனுப்பட்டுமா, டிக்கெட் போடட்டுமா?" என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். இளம் வீரர் பலர் கூச்சத்தில் கேட்காமல் கைக்காசைச் செலவழித்து வந்துபோகிறார்கள். அது நாம் செய்யும் மரியாதை ஆகாது.

விருந்தினர் சக்கர நாற்காலி பயன்படுத்துபவர் என்றால் சாய்தளம் வேண்டும். 1க்கு 12 என்பது கணக்கு. அதாவது 60 செ.மீ. உயர மேடைக்கு 7.2 மீட்டர் நீளச் சாய்தளம். பந்தல்காரர் இரண்டு பலகையைச் சரித்துப் போட்டுவிட்டு, "நாலு பேர் பிடிச்சுத் தூக்கிடலாம் சார்" என்பார். ஒப்புக்கொள்ளாதீர்கள். அத்தனை நீளத்துக்கு இடமில்லையென்றால் மேடையே வேண்டாம். தரையில் கம்பளம் விரித்து எல்லாரும் சமமாக உட்காருங்கள்.

கேள்வி: அழைப்பிதழில் பெயர்களை எந்த வரிசையில் போடுவது? ஒவ்வொரு வருடமும் இதில்தான் மனக்கசப்பு வருகிறது.
— பள்ளி அலுவலகக் கண்காணிப்பாளர், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: தலைமை, முன்னிலை, வரவேற்புரை, சிறப்புரையும் பரிசளிப்பும், நன்றியுரை என்று வரிசைப்படுத்துவது எல்லாரும் ஏற்கும் முறை. சிறப்பு விருந்தினர் ஒருவர்தான். அவர் பெயர் சற்றுப் பெரிய எழுத்தில் தனியாக வரட்டும். முன்னிலையில் வருபவர்களை அகர வரிசையில் போட்டு, "அகர வரிசைப்படி" என்று கீழே சிறிதாக அச்சிட்டுவிட்டால் பாதிக் கசப்பு தீரும்.

தலைப்பெழுத்து, பட்டம், பதவி மூன்றையும் அவரிடமே எழுதி வாங்குங்கள். பழைய அழைப்பிதழைப் பார்த்துப் போட்டால் தப்பு வரும். அதிகாரிகள் இடமாறுதலில் போய்விடுவார்கள், பதவி உயர்வு வந்திருக்கும். மெய்ப்பை வாட்ஸ்அப்பில் அவருக்கே அனுப்பி, "சரி" என்று பதில் வந்த பிறகே அச்சுக்குக் கொடுங்கள். விழாவுக்கு 12 நாள் முன்பு அச்சானால் போதும். அதற்கு முன்னால் அடித்தால் மாற்றத்துக்கு இடமிருக்காது. விருந்தினருக்கு ஐந்து பிரதிகளை உறையில் போட்டு நேரில் கொடுங்கள். இசைவு வராதவர் பெயரை, "எப்படியும் வந்துவிடுவார்" என்று அச்சிடவே கூடாது.

கேள்வி: மக்கள் பிரதிநிதிகளை அழைக்கலாமா?
— பெற்றோர் ஆசிரியர் கழக உறுப்பினர், விழுப்புரம் மாவட்டம்

பதில்: அழைக்கலாம். தேர்தல் ஆண்டில் மட்டும் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். நடத்தை விதிகள் தேர்தல் அறிவிப்பு வந்த நாளிலேயே நடைமுறைக்கு வந்துவிடும். 2021 சட்டமன்றத் தேர்தலுக்கு அறிவிப்பு வந்தது பிப்ரவரி 26, 2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு மார்ச் 16. அழைப்பிதழ் அடித்த பிறகு அறிவிப்பு வந்தால் எல்லாருக்கும் சங்கடம். கட்சிக்கொடியும் கட்சிப் பதாகையும் பள்ளிச் சுற்றுச்சுவருக்குள் வரக்கூடாது என்பதை அழைக்கும்போதே பணிவாகச் சொல்லிவிட வேண்டும். விழா அன்று வாசலில் நின்று சொல்வது முடியாத காரியம்.

கேள்வி: கொடியேற்றம், அணிவகுப்பு, தீபம் இவற்றில் விருந்தினர் எங்கே நிற்க வேண்டும், என்ன செய்ய வேண்டும்? போன ஆண்டு கொடி அவிழாமல் பெரிய அவமானமாகிவிட்டது.
— உடற்கல்வி இயக்குநர், மதுரை

பதில்: கொடியிலிருந்தே தொடங்குவோம். காவி மேலே வரும்படி கயிற்றில் கோத்து, மடித்து, கயிற்றால் ஒரு சுற்றுச் சுற்றிய பின் போட வேண்டியது உருவாஞ்சுருக்கு. ஒரே இழுப்பில் அது உருவிக்கொண்டு வர வேண்டும். அவிழாமல் போவதற்குக் காரணம் பெரும்பாலும் மூன்றில் ஒன்றுதான். சுருக்குப் போடுவதற்குப் பதில் யாரோ நல்லெண்ணத்தில் இன்னொரு முடிச்சு போட்டிருப்பார். அல்லது உள்ளே வைத்த பூவிதழ் ஈரமாக இருந்து துணியோடு ஒட்டியிருக்கும். அல்லது உச்சியிலுள்ள உருளை துருப்பிடித்துக் கயிறு நகராது. உருளைக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். இதழைத் துணியில் ஒற்றி எடுத்து, ஒரு கைப்பிடி மட்டும் வையுங்கள். முந்தின நாள் மாலை மூன்று முறை, விழா அன்று ஒரு முறை ஏற்றிப் பாருங்கள்.

இன்னொரு சின்ன வேலை: விருந்தினர் இழுக்க வேண்டிய கயிற்றில், அவர் மார்பு உயரத்தில் சிவப்பு நூல் ஒரு சுற்று கட்டிவிடுங்கள். எந்தக் கயிறு என்று தடுமாறுவதுதான் அவருக்கு உள்ளூர இருக்கும் பயம். நூலைப் பார்த்ததும் அந்தப் பயம் போய்விடும். பக்கத்தில் பயிற்சி பெற்ற மாணவர் ஒருவர் நின்று, கொடி விரிந்ததும் கயிற்றை வாங்கிக் கம்பத்தில் கட்டிவிட வேண்டும்.

தேசியக் கொடிக்கு மேலாகவோ இணையாகவோ பள்ளிக் கொடியோ ஒலிம்பிக் கொடியோ பறக்கக் கூடாது. தேசியக் கொடிதான் முதலில் ஏற வேண்டும். அதைச் சிறப்பு விருந்தினரும், பள்ளிக் கொடியைச் செயலரும், ஒலிம்பிக் கொடியை உடற்கல்வி இயக்குநரும் ஏற்றுவது வசதி.

அணிவகுப்புக்கு: ஓட்டப்பாதையில் பிள்ளைகள் எப்போதும் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் போவார்கள். ஆகவே மேடை பாதைக்கு வெளிப்புறம் இருந்தால்தான் அவர்களின் வலப்பக்கம் வரும், "ஐஸ் ரைட்" (வலப்பக்கம் பார்) கட்டளை சரியாக அமையும். மேடைக்கு 10 மீட்டர் முன்னால் ஒரு சிறு கொடி, 10 மீட்டர் தாண்டி ஒரு சிறு கொடி நடுங்கள். முதல் கொடியில் கட்டளை, இரண்டாவதில் "ஐஸ் ஃபிரண்ட்" (நேரே பார்). மரியாதையை ஏற்கும் மேடையில் விருந்தினர் மட்டும் முன்னால் நிற்க, மற்றவர்கள் இரண்டடி பின்னால் நிற்கட்டும். சீருடையில் வந்த அதிகாரி சல்யூட் வைப்பார். மற்றவர்கள் நேராக நின்றால் போதும், கைகூப்பினாலும் அழகுதான். இதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், எதிரில் வரும் அணியைப் பார்த்துக் கையை எங்கே வைப்பது என்று அவர் திகைக்க மாட்டார்.

மேடையின் திசையையும் பாருங்கள். மாலை விழாவில் மேடை கிழக்கு பார்த்திருந்தால் விருந்தினருக்கு நிழல், ஆனால் எதிரே நிற்கும் அத்தனை பிள்ளைகளின் கண்ணிலும் மேற்கு வெயில். மைதானம் இடம் கொடுத்தால் மேடையை வடக்கு பார்த்தோ தெற்கு பார்த்தோ போடுங்கள்.

மாணவர் ஏந்தி ஓடிவரும் விளையாட்டுத் தீபத்துக்கு மண்ணெண்ணெய் மட்டும். பெட்ரோல் வேண்டவே வேண்டாம், ஆவியிலேயே குப்பென்று பிடித்துவிடும். திரித்துணியை அரை மணி முன்பு நனைத்து, நன்றாகப் பிழிந்த பிறகே பந்தத்தில் சுற்றுங்கள். பிழியாமல் விட்டால் ஓடும்போது எண்ணெய் கைப்பிடி வழியாகக் கையில் வழியும், தீயும் கூடவே இறங்கும். பந்தம் ஏந்துபவர் பருத்தி உடையில் இருக்கட்டும். பக்கத்தில் ஒரு வாளி மணலும் ஈரச் சாக்கும் இருக்க வேண்டும். விருந்தினர் கையால் பலூன் பறக்கவிட ஆசைப்படுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: மலிவாகக் கிடைக்கும் பலூன்களில் பெரும்பாலும் ஹைட்ரஜன் அடைத்திருப்பார்கள். அது தீப்பிடிக்கும். தீபம் எரியும் மைதானத்துக்குள் அந்தப் பலூன் கொத்து வரவே கூடாது.

கேள்வி: சிறப்பு விருந்தினர் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தார். வெயிலில் நின்ற மாணவிகள் இருவர் மயங்கி விழுந்தார்கள். இதற்கு என்னதான் வழி?
— ஒரு பெற்றோர், வேலூர்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. விருந்தினருக்காகப் பிள்ளைகளை வெயிலில் நிறுத்தி வைப்பதை எந்தக் காரணம் சொல்லியும் ஏற்க முடியாது.

அசையாமல் நிற்கும்போது ரத்தம் கால்களில் தேங்குகிறது, மூளைக்குப் போவது குறைகிறது, அதனால்தான் மயக்கம். மதியம் சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் நிற்கும் பிள்ளை இன்னும் சீக்கிரம் விழும். ஆகவே விருந்தினரின் வண்டி பள்ளியை நெருங்கும்வரை அணிகள் நிழலில் உட்கார்ந்திருக்க வேண்டும். அழைத்துவரப் போன ஆசிரியர், "இன்னும் பத்து நிமிடம்" என்று தொலைபேசியில் சொன்ன பிறகு எழுந்து வரிசைக்கு வந்தால் போதும். பயிற்சி பெற்ற அணி நான்கு நிமிடத்தில் நின்றுவிடும். நிற்கும்போது முழங்காலை இறுக்காமல், காலணிக்குள் விரல்களை மடக்கி நீட்டிக்கொண்டே இருக்கச் சொல்லிக் கொடுங்கள்.

நிகழ்ச்சி நிரலையும் நெகிழ்வாக அமைக்கலாம். 15 நிமிடத்துக்கு மேல் தாமதம் என்றால், குண்டு எறிதல், நீளம் தாண்டுதல் இறுதிப் போட்டிகளையும் சிறு வகுப்புப் பிள்ளைகளின் ஓட்டங்களையும் முதலில் நடத்திவிடுங்கள். விருந்தினர் வந்ததும் கொடியேற்றமும் அணிவகுப்பும். இப்படிச் செய்வோம் என்று அவருக்கு அனுப்பும் கடிதத்திலேயே ஒரு வரி எழுதிவிட்டால் யாருக்கும் மனவருத்தம் இருக்காது. நேரத்துக்கு வர வேண்டும் என்ற எண்ணமும் அவருக்கு வரும்.

கேள்வி: பரிசளிப்பு மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது. விருந்தினர் சோர்ந்துவிடுகிறார், பிள்ளைகள் கலைந்துவிடுகிறார்கள். எப்படிச் சுருக்குவது?
— உடற்கல்வி ஆசிரியை, ஈரோடு மாவட்டம்

பதில்: கணக்குப் போட்டுப் பார்ப்போம். 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் மூன்று பிரிவு, மாணவர் மாணவியர் தனித்தனி என்றால் ஆறு. பிரிவுக்கு ஆறு தனிநபர் போட்டிகள் என்று வைத்தால் 36 போட்டிகள், 108 பதக்கங்கள். தொடர் ஓட்டத்தில் ஆறு பிரிவு, மூன்று இடம், அணிக்கு நால்வர் என 72 பதக்கங்கள். மொத்தம் 180. ஒருவர் வந்து, வாங்கி, படம் எடுத்து இறங்க 20 விநாடி என்றாலே சரியாக ஒரு மணி நேரம்.

அதனால் தனிநபர் பதக்கங்களை ஒவ்வொரு இறுதிப் போட்டியும் முடிந்த கையோடு வெற்றி மேடையில் கொடுத்துவிடுங்கள். ஆசிரியர்கள், பெற்றோர் ஆசிரியர் கழகத்தினர், முன்னாள் மாணவர்கள் என்று ஆளுக்கு இரண்டு போட்டி. வியர்வை காயாத பிள்ளைக்கு அப்போதே கிடைக்கும் பதக்கத்தின் சந்தோஷம் இரண்டு மணி நேரம் கழித்துக் கிடைப்பதில் இல்லை. சிறப்பு விருந்தினருக்கு வைத்துக்கொள்ள வேண்டியவை: தனிநபர் சாம்பியன் ஆறு, தொடர் ஓட்டத்தில் முதலிடம் பெற்ற ஆறு அணிகள், அணிவகுப்புக் கேடயம், ஒட்டுமொத்த சாம்பியன் கேடயம். ஆக 14 முறை. ஒவ்வொன்றுக்கும் 40 விநாடி கொடுத்தாலும் பத்து நிமிடத்துக்குள் முடியும். ஒவ்வொரு பிள்ளையிடமும் ஒரு வார்த்தை பேசவும் அவருக்கு நேரம் இருக்கும்.

பரிசு மேசையில்தான் குளறுபடி நடக்கும். பதக்க நாடாக்களை அட்டைப்பெட்டியில் மொத்தமாகக் கொட்டி வைத்தால் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். மேடையில் விருந்தினர் காத்திருக்க, இரண்டு ஆசிரியைகள் சிக்கெடுத்துக்கொண்டிருப்பார்கள். ஒரு மூங்கில் கழியை இரண்டு நாற்காலிக்கு நடுவே வைத்து, நாடாக்களை வரிசையாகத் தொங்கவிடுங்கள். தாம்பாளத்துக்கு ஓர் அணியின் நான்கு பதக்கங்கள் போதும். தாம்பாளம் இரண்டு வேண்டும். ஒன்று மேடையில் இருக்கும்போது இன்னொன்று தயாராகும்.

தனிநபர் சாம்பியன் புள்ளியை (முதலிடத்துக்கு 5, இரண்டாமிடத்துக்கு 3, மூன்றாமிடத்துக்கு 1) இருவர் தனித்தனியே கூட்டி ஒப்பிட வேண்டும். சமபுள்ளி வந்தால் இருவருக்கும் கொடுக்க உபரியாக இரண்டு கேடயம் வாங்கி வையுங்கள். பெயர் பொறிக்காமல் வாங்கினால் அடுத்த ஆண்டுக்கும் ஆகும்.

கேள்வி: விருந்தினர் உரை எவ்வளவு நேரம் இருக்கலாம்? பொன்னாடை போர்த்துவதா, நினைவுப் பரிசா?
— தமிழாசிரியர், கரூர் மாவட்டம்

பதில்: ஏழு நிமிடம். மாணவர்கள் தரையில் உட்கார்ந்த பிறகே பேசச் சொல்லுங்கள். ஒரு வாரம் முன்பே பள்ளியைப் பற்றி அரைப்பக்கக் குறிப்பு கொடுத்துவிடுங்கள்: மாணவர் எண்ணிக்கை, மண்டல, மாவட்டப் போட்டிகளில் இந்த ஆண்டு வென்றவர்களின் பெயர், வகுப்பு. அந்தப் பெயர்களை அவர் மேடையில் சொல்லும்போது கூட்டத்தில் எழும் ஆரவாரத்தைக் கேட்டுப் பாருங்கள்.

விழாத் தொடக்கத்தில் தமிழ்த்தாய் வாழ்த்து 55 விநாடி. ஒலிப்பதிவைப் போடாமல் மாணவர்களே பாடட்டும். பொன்னாடைக்குப் பதில் கைத்தறித் துண்டும் ஒரு நல்ல புத்தகமும் போதுமானது. மேடையிலுள்ள எட்டுப் பேருக்கும் தனித்தனியாகப் போர்த்திப் படம் எடுத்தால் பத்து நிமிடம் அதிலேயே போய்விடும். விருந்தினருக்கு மட்டும் மேடையில், மற்றவர்களுக்குத் தலைமையாசிரியர் அறையில்.

கேள்வி: விழா அன்று காலையில் விருந்தினர் வர முடியவில்லை என்று தகவல் வந்தால்?
— தாளாளர், திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: விழாவைத் தள்ளிவைக்காதீர்கள். மாவட்டப் பணியிலுள்ள அதிகாரிக்கோ மருத்துவருக்கோ இப்படி நேர்வது சாதாரணம். பள்ளியில் முன்பு பணியாற்றி ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஊரில் இருந்தால் அவரை விட்டால் வேறு பொருத்தமானவர் கிடையாது. ஆனால் அவரை எப்படியும் பார்வையாளராக முன்பே அழைத்து, முன்வரிசையில் இடம் கொடுத்திருக்க வேண்டும். காலையில்தான் அவர் நினைவு வந்து ஆள் அனுப்பினால் அவர் மனம் நோகும். தலைமையாசிரியரே நேரில் போய் நிலைமையை உள்ளபடி சொல்லிக் கேட்கட்டும்.

ஒலிபெருக்கியில் காரணத்தை நீட்டி விளக்க வேண்டாம். "தவிர்க்க இயலாத பணியால் அவர் வர இயலவில்லை. தமது வாழ்த்தைத் தெரிவித்திருக்கிறார். விழாவை நம் முன்னாள் ஆசிரியர் தொடங்கிவைக்கிறார்" என்ற மூன்று வரி போதும். வர முடியாதவருக்கு வைத்திருந்த நினைவுப் பரிசை அப்படியே எடுத்து இவருக்குக் கொடுத்துவிடாதீர்கள். அதில் அவர் பெயர் பொறித்திருக்கும். மேடை அவசரத்தில் இதை யாரும் கவனிப்பதில்லை. பெயர் பொறிக்காத நினைவுப் பரிசு ஒன்று அலுவலக அலமாரியில் எப்போதும் இருக்கட்டும். பெயர் பொறித்ததை அந்த வாரமே, விழாப் படங்கள் இரண்டோடு, வர முடியாதவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அடுத்த ஆண்டுக்கு இப்போதே ஒரு தேதி கேட்டு வாருங்கள்.